அப்பாவின் காலைச் சர்க்கரையும் கிளோத் பெர்னாரின் ஊரும்

முதல் நாள், லியோன்

காலை ஐந்தரைக்கு அப்பா அழைத்தார். கும்பகோணத்தில் அப்போது ஒன்பது மணி. ஆறு மணிக்கே வெறும் வயிற்றில் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்துவிட்டு, மகள் தூங்குவாள் என்று மூன்று மணி நேரம் பொறுத்திருக்கிறார்.

"148" என்றார். "ராத்திரி இரண்டு இட்லிதான். அதுவும் ஏழரை மணிக்கு. பிறகு தண்ணீர் மட்டும். படுக்கும்போது பார்த்தேன், 126. வரவே இல்லாமல் இருப்பு எப்படியம்மா ஏறும்?"

அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை அளவை எழுதிவைக்கவும் பேரேடு போலக் கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறார். தேதி, காலை, இரவு, கடைசியில் விவரம். விவரம் என்ற கட்டத்தில் "கல்யாணச் சாப்பாடு", "மாத்திரை மறந்தது", "மாம்பழம் 2" என்றெல்லாம் இருக்கும். காரணம் தெரியாத நாட்களில் அந்தக் கட்டம் காலியாகவே கிடக்கும். காலியான கட்டங்கள் அவரை உறுத்துகின்றன.

நான் ஒரு மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் கற்பிக்கிறேன். கல்லீரலுக்குள் இரத்தம் எப்படிப் பாய்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. "கல்லீரல்தான் அப்பா" என்று பத்து ஆண்டுகளாக ஒரே பதிலைச் சொல்லிவருகிறேன். அவர் நம்பியதில்லை. இன்றும் நம்பவில்லை.

கருத்தரங்கு நேற்றோடு முடிந்தது. ஊர் திரும்ப நான்கு நாட்கள் இருக்கின்றன. அப்பாவின் கேள்விக்கு முதன்முதலில் விடை கண்டவர் பிறந்து வளர்ந்த மண் இது. கிளோத் பெர்னார், 1813 முதல் 1878 வரை வாழ்ந்தவர். கல்லீரல் சர்க்கரை செய்கிறது என்பதையும், இரத்தக்குழாய்களைச் சுருக்கவும் விரிக்கவும் நரம்புகள் இருக்கின்றன என்பதையும் காட்டியவர் இவர் ஒருவரே. என் ஆய்வின் இரண்டு கால்களும் அவர் போட்ட தளத்தில்தான் நிற்கின்றன. அவர் நடந்த இடங்களில் நடந்து பார்க்க வேண்டும் என்பது மாணவப் பருவத்து ஆசை.

லியோனில் அவர் பெயரைத் தேடி அலைய வேண்டியதில்லை. ரோன் ஆற்றின் இடக்கரைச் சாலை அவர் பெயரில் இருக்கிறது. பல்கலைக்கழகம் ஒன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது. நான் பார்க்க விரும்பியது வேஸ் என்ற பகுதியை. இன்று மெட்ரோ போகும் இந்த இடம் 1832-இல் நகருக்கு வெளியே இருந்த ஒரு புறநகர். அந்த ஆண்டில் பெர்னார் இங்கே ஒரு மருந்துக்கடையில் தொழில் கற்கும் பையனாகச் சேர்ந்தார். கடையைப் பெருக்கினார், புட்டி கழுவினார், மருந்து சுமந்தார். கெட்டுப்போன மருந்து, மிஞ்சிய மருந்து எல்லாவற்றையும் ஒரே பானையில் கொட்டிக் கலக்கிச் சர்வரோக நிவாரணியாக விற்பதைப் பார்த்தது அங்கேதான். எந்தச் சரக்கு எந்த நோயை எப்படித் தீர்க்கிறது என்று அங்கே யாருக்கும் கேள்வி எழவில்லை. அவருக்கு எழுந்தது.

கடை இருந்த இடத்தை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் அவர் மருந்து கொண்டுபோய்க் கொடுத்த கால்நடை மருத்துவப் பள்ளியின் கட்டடம் சோன் ஆற்றங்கரையில் நிற்கிறது. 1761-இல் தொடங்கிய அந்தப் பள்ளிதான் உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி. இப்போது அந்தக் கட்டடத்தில் இசைக் கல்லூரி நடக்கிறது. திறந்திருந்த ஒரு சன்னல் வழியாக யாரோ செல்லோவில் ஒரே வரியை மீண்டும் மீண்டும் பழகிக்கொண்டிருந்தார்கள். ஆற்றைப் பார்த்தபடி கால் மணி நேரம் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அந்தப் பையனுக்கு அப்போது மருத்துவத்தில் ஆசை இல்லை, நாடகம் எழுதுவதில்தான் ஆசை. சிறிய நகைச்சுவை நாடகம் ஒன்று லியோனில் மேடையேறியது. அந்தத் தெம்பில் ஐந்து அங்கச் சோக நாடகம் ஒன்றை எழுதி, 1834-இல் பாரிசுக்கு எடுத்துப் போனார். அதைப் படித்த விமர்சகர் சேன் மார்க் ஜிரார்தான், மருந்துக்கடை அனுபவம் இருக்கிறதே, மருத்துவம் படியுங்கள் என்று அறிவுரை சொன்னார். அந்த விமர்சகருக்கு நான் நன்றி சொல்கிறேன். ஒருவர் மனம் நோகாமல் உண்மையைச் சொல்வது எளிதல்ல. அந்தச் சொல்லால் உலகத்துக்கு ஓர் உடலியங்கியலாளர் கிடைத்தார்.

இரண்டாம் நாள், சான் ஜூலியான்

அப்பா: 139. விவரம்: காலி.

பார்தியூ நிலையத்தில் ரயில் ஏறி அரை மணி நேரத்தில் வில்ஃபிரான்ஷ். அங்கிருந்து பெர்னார் பிறந்த ஊரான சான் ஜூலியான் பத்து கிலோமீட்டருக்குள்தான். வாடகைக் காரில் போனேன். போஜொலே மலைச்சரிவுகள் முழுவதும் திராட்சை. அறுவடை செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. இலைகள் மஞ்சளும் செம்புமாக மாறி, சரிவே துருப்பிடித்த தகடு போலத் தெரிகிறது.

பெர்னாரின் வீடு இப்போது அருங்காட்சியகம். இன்று திறக்கும் நாள் அல்ல என்பதைப் பார்க்காமல் வந்தது என் தவறு. கதவுக்கு முன்னால் நின்றபோது தொண்டை அடைத்தது, இவ்வளவு தூரம் வந்தும் உள்ளே போக முடியவில்லையே என்று. பிறகு மதிலை ஒட்டிய பாதையில் நடக்கத் தொடங்கினேன். நடந்ததுதான் நல்லதாயிற்று.

அவருடைய தந்தை இந்தச் சரிவில் திராட்சை வளர்த்தவர். அந்தக் குடும்பத்துப் பிள்ளை, 1861-இல், பெயரும் பதவியும் வந்த பிறகு, இங்கிருந்த பெரிய வீட்டை வாங்கினார். ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் அறுவடைக்கு வந்துவிடுவார். தன் வீட்டிலிருந்து தெரியும் காட்சியைப் பற்றி எழுதியும் வைத்திருக்கிறார்: எதிரே சோன் சமவெளி, அதற்கப்பால் தோம்ப் பகுதி, வானம் தெளிந்த நாளில் ஆல்ப்ஸின் வெள்ளைச் சிகரங்கள். இன்று வானம் தெளியவில்லை. சமவெளி வரைக்கும் கண் போயிற்று, அதற்குமேல் பால் நிறத்தில் மூட்டம்.

வேலியோரக் கொடியில் பறிக்காமல் விட்ட சின்னக் குலை ஒன்று தொங்கியது. ஒரு பழத்தை வாயில் போட்டேன். முதலில் புளிப்பு, பிறகு இனிப்பு. அந்த இனிப்பைச் சுவைத்தபோதுதான் ஒன்று உறைத்தது. வகுப்பில் பலமுறை சொல்லியும் எனக்கு உறைக்காத ஒன்று.

குளுக்கோஸுக்கு அந்தக் காலத்துப் பெயர் திராட்சைச் சர்க்கரை. பெர்னார் காலத்து வேதியியலாளர்கள், ஜான் பப்தீஸ்த் தூமா போன்ற பெரியவர்கள், ஒரு கோட்பாட்டை வைத்திருந்தார்கள். சர்க்கரை செய்வது செடி. அதைத் தின்று எரிப்பது மட்டுமே விலங்கு. விலங்கின் உடலில் சர்க்கரை இருந்தால் அது தின்றதிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். அப்பாவின் கணக்கும் இதுதான்: வரவு வாய் வழியாக மட்டுமே. இந்தக் கோட்பாடு பொய் என்று காட்டியவர் திராட்சைத் தோட்டத்தில் பிறந்த பிள்ளை. கொடியில் மட்டும்தான் உண்டாகும் என்று எல்லோரும் நம்பிய அதே சர்க்கரையை அவர் நாயின் கல்லீரலில் கண்டார்.

1848-இல் அவர் தேடத் தொடங்கியது வேறொன்றை. தின்ற சர்க்கரை உடலில் எந்த இடத்தில் எரிந்து மறைகிறது என்று பார்க்க விரும்பினார். குடலிலிருந்து வரும் இரத்தமெல்லாம் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குள் நுழைகிறது. கல்லீரலுக்குள் சல்லடை போன்ற நுண்குழாய்களில் பரவி, மறுபடி ஒன்றுகூடி, கல்லீரல் சிரை வழியாக இதயத்துக்குப் போகிறது. சர்க்கரை தின்ற நாயின் கல்லீரல் சிரையில் சர்க்கரை இருந்தது. சரி. இறைச்சி மட்டும் தின்ற நாயிடம் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சோதித்தார். அங்கேயும் கல்லீரல் சிரையில் சர்க்கரை!

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைக்கும் சோதனை என்பது பெரும்பாலோர் அவசரமாக முடிக்கும் வேலை. என் மாணவர்கள் அதைத் தண்டனையாக நினைக்கிறார்கள். அவர் அதை முழு மனத்தோடு செய்ததால்தான் இது கிடைத்தது.

அடுத்து ஒரு சிக்கல் வந்தது. குடலில் சர்க்கரை இல்லாத அந்த நாயின் போர்ட்டல் சிரையிலும் சர்க்கரை தென்பட்டது. அப்படியென்றால் கல்லீரலுக்கு முன்பே எங்கிருந்தோ வருகிறதா? அவர் இரத்தக்குழாயை யோசித்தார். போர்ட்டல் சிரையில் வால்வு இல்லை. வயிற்றைத் திறந்ததும் அழுத்தம் குறைந்து, கல்லீரலில் இருந்த இரத்தம் பின்னோக்கி வழிகிறது. கல்லீரலுக்குள் நுழையும் இடத்தில் முதலில் நூலால் கட்டிவிட்டு, பிறகு எடுத்த இரத்தத்தில் சர்க்கரை இல்லை. ஒரு நூல் முடிச்சில் வழக்குத் தீர்ந்தது. இரத்தம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று தெரியாதவருக்குக் கல்லீரல் ஒருநாளும் பிடிபடாது என்பதை எனக்குக் கற்பித்தது இந்தச் சோதனைதான்.

திரும்பும்போது வில்ஃபிரான்ஷ் நடைமேடையில் வடக்கிலிருந்து காற்று. காது முதலில் மரத்தது, பிறகு சிவந்து சுட்டது. குளிரில் சுருங்கிய குழாய்கள் சற்று நேரத்தில் தாமே விரிந்து காதைக் காக்கின்றன. பெர்னார் 1851-52-இல் முயலின் கழுத்தில், நம் விருப்பத்தைக் கேட்காமல் தானே இயங்கும் பரிவு நரம்பை ஒரு பக்கம் மட்டும் வெட்டினார். நரம்புதான் வெப்பத்தை உண்டாக்குகிறது, வெட்டினால் காது குளிரும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. வெட்டிய பக்கத்துக் காது சூடேறியது. குழாய்கள் புடைத்துச் சிவந்தன. நரம்பின் வேலை குழாயைச் சுருக்கிப் பிடித்திருப்பது. பிடி போனதும் குழாய் விரிந்துவிடுகிறது. எதிர்பார்த்ததற்கு நேர் எதிராக வந்ததை அவர் மறைக்கவில்லை, அதன் பின்னாலேயே போனார். 1858-இல் விரிக்கும் நரம்பையும் கண்டார், தாடைக்குக் கீழுள்ள உமிழ்நீர்ச் சுரப்பியில்.

கல்லீரல் சுருங்கிக் கெட்டியாகிப்போன நோயாளிகள் இரத்த வாந்தி எடுப்பதைத் தஞ்சாவூர்ப் பக்கத்தில் பார்த்த குடும்பங்கள் உண்டு. கெட்டியான கல்லீரலுக்குள் இரத்தம் நுழைய முடியாமல் போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறுகிறது. உணவுக்குழாயின் சிரைகள் புடைத்து வெடிக்கின்றன. அந்த அழுத்தத்தைக் குறைக்க இன்று தரும் புரோப்ரனலால் மாத்திரை, குடலின் குழாய்களைச் சுருங்கவைத்துக் கல்லீரலுக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கிறது. முயலின் சூடான காதிலிருந்து ஒரு நேர்கோடு அந்த மாத்திரைக்கு வருகிறது.

மூன்றாம் நாள், பாரிஸ்

அப்பா: 151. குரலில் கோபம். "மீட்டர் கெட்டுவிட்டது என்று உன் அம்மா சொல்கிறாள். பக்கத்து வீட்டு மீட்டரிலும் பார்த்தேன். 149."

இரண்டு மணி நேர ரயில். பெட்டியை விடுதியில் போட்டுவிட்டு நேரே ரூ தே எகோல் தெருவுக்கு நடந்தேன். கொலேஜ் த பிரான்ஸ் என்ற உயர்கல்வி நிறுவனத்தின் வாசலில் பெர்னாரின் சிலை நிற்கிறது. முதலில் இங்கே இருந்தது வெண்கலச் சிலை. ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் உருக்க எடுத்துப் போய்விட்டார்கள். இப்போது இருப்பது கல். மாணவர்கள் அதன் காலடியில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கட்டடத்தில்தான் உடலியங்கியலாளர் மஜாந்தியிடம் உதவியாளராகச் சேர்ந்து, 1855-இல் அவருடைய இடத்துக்கே பெர்னார் வந்தார். ஆய்வுக்கூடம் ஈரமும் இருட்டுமான அறை. அவருடைய உடல்நலம் கெட்டதற்கு அதுவும் காரணம் என்று அவரோடு இருந்தவர்கள் நினைத்தார்கள்.

1855-இல் இங்கே நடந்த ஒன்றை அப்பாவிடம் சொல்வதென்று சிலை முன்னால் நின்றபோதே முடிவு செய்தேன். இத்தனை ஆண்டுகள் நான் அவருக்குத் தீர்ப்பை மட்டும் சொன்னேன், சாட்சியைச் சொல்லவில்லை. கணக்கர் ஒருவரிடம் ரசீது காட்டாமல் தொகையை மட்டும் சொன்னால் அவர் எப்படி ஏற்பார்? எதிர்த் திண்ணை போன்ற ஒரு கல்படியில் உட்கார்ந்து கூப்பிட்டேன். கும்பகோணத்தில் இரவுச் சாப்பாடு முடிந்திருந்தது.

"அப்பா, ஒரு நாய் இறந்த உடனே கல்லீரலை வெளியே எடுத்தார். போர்ட்டல் சிரையில் குழாயைச் செருகித் தண்ணீர் விட்டார். முதலில் மறுபக்கம் இரத்தமாக வந்தது, பிறகு இளஞ்சிவப்பு, பிறகு வெறும் தண்ணீர். நாற்பது நிமிடம் விடாமல் கழுவினார். கல்லீரல் வெளுத்துப்போயிற்று. சோதித்தார், சர்க்கரை துளியும் இல்லை."

"துடைத்துவிட்டார். சரி."

"மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் வந்து சோதித்தால் கல்லீரலில் ஏராளமான சர்க்கரை."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு மெல்லக் கேட்டார்: "உயிரே இல்லையே. இரத்தமும் இல்லை. வெளியிலிருந்து யாரும் போடவில்லை?"

"யாரும் போடவில்லை."

"அப்படியென்றால் அதற்குள்ளேயே இருப்பு இருந்திருக்கிறது. வேறு பெயரில்."

நான் அழாமல் இருக்கப் பெரும்பாடுபட்டேன். வேறு பெயரில்! 1857-இல் பெர்னார் பிரித்தெடுத்த பொருளுக்கு இதைவிட நல்ல அறிமுகத்தை நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. அந்தப் பொருளுக்கு அவர் வைத்த பெயர் கிளைக்கோஜன், சர்க்கரையைப் பிறப்பிப்பது. குளுக்கோஸ் மணிகளைக் கோத்துக் கோத்து மரம்போலக் கிளைவிட்ட சரடு. சாப்பிட்டபின் கல்லீரல் அதைக் கட்டி வைக்கிறது, ஏறக்குறைய நூறு கிராம். இரவில் நாம் தூங்கும்போதும் மூளை சர்க்கரை கேட்டுக்கொண்டே இருக்கிறது. கல்லீரல் சரட்டை அவிழ்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்தில் விடுகிறது. அது போதாதபோது புரதச் சிதைவிலிருந்தும் புதிதாகச் செய்கிறது. விடியலுக்கு முன் கார்ட்டிசால் போன்ற சுரப்புகள் ஏறி இந்த வேலையை முடுக்கிவிடுகின்றன. நலமான உடலில் இன்சுலின் "போதும்" என்று சொன்னால் கல்லீரல் நிறுத்திக்கொள்ளும். அப்பாவின் கல்லீரலுக்கு அந்தக் குரல் சரியாகக் கேட்பதில்லை.

அந்தக் கழுவிய கல்லீரல் கதையில் இன்னொன்றும் இருக்கிறது. ஒவ்வொரு கல்லீரலிலும் இரண்டு அளவீடுகளை அடுத்தடுத்துச் செய்வது அவர் வழக்கம். ஒருநாள் நேரமில்லாமல் இரண்டாவதை மறுநாளுக்குத் தள்ளினார். மறுநாள் அளவு மிக அதிகமாக இருந்தது. தவறு என்று கோடு போட்டு அடித்திருக்கலாம். ஏன் என்று கேட்டார். கழுவும் சோதனை அந்தக் கேள்வியிலிருந்து வந்தது.

அங்கிருந்து ரூ தோஃபின் தெருப் பக்கம் நடந்தேன். இங்கே நடந்ததையும் எழுதாவிட்டால் இந்தப் பயணக் குறிப்பு நேர்மையானதாகாது. இளம் வயதில் பெர்னார் இந்தத் தெருவிலிருந்த ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒரு நாயின் இரைப்பையில் குழாய் பொருத்தினார். நாய் குழாயோடு தப்பி ஓடி, தன் வீட்டுக்கே போய்விட்டது. அந்த வீடு அந்த வட்டாரக் காவல் ஆணையருடையது. அழைத்து விசாரித்த ஆணையரிடம் பெர்னார் எதையும் மறைக்கவில்லை. குழாயை எடுத்துவிட்டார், நாயும் பிழைத்தது, ஆணையர் அவருக்குக் காவலாகவே ஆனார். பலர் இதைச் சுவையான கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்த வீட்டுக்காரர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள், காணாமற்போன நாய் வயிற்றில் குழாயோடு வாசலில் வந்து நின்ற அந்த நேரம்.

அவருடைய மனைவி ஃபனி மார்த்தானின் சீதனப் பணம்தான் தொடக்க ஆண்டுகளில் அவர் ஆராய்ச்சியைத் தாங்கியது. விலங்குகளை வதைக்கிறது என்று ஃபனி அந்த ஆராய்ச்சியை வெறுத்தார். கடைசியில் பிரிந்துபோனார், இரண்டு மகள்களும் தாயின் பக்கம். க்யூராரே நஞ்சு தசைகளை மட்டும் கட்டிப்போடும், அசையாத அந்த உடலுக்குள் உணர்வு விழித்தே இருக்கும் என்று எழுதியவர் பெர்னாரே. அறிந்தும் செய்தார். மாணவியாக இருந்தபோது தவளையின் முதுகுத்தண்டில் ஊசி செருகிய என் கை இன்னும் அதை மறக்கவில்லை. இன்று என் மாணவர்கள் அதைக் கணினித் திரையில் பார்த்துக் கற்கிறார்கள், அது சரியென்றே நினைக்கிறேன். அப்பாவின் நோயை நான் புரிந்துகொள்வது அந்த விலங்குகளின் வலியால். ஃபனி சொன்னதும் உண்மை. இரண்டையும் ஒன்றோடொன்று கழித்து நேர் செய்ய எனக்குத் தெரியவில்லை.

நான்காம் நாள், பாரிஸ்

பேர் லஷேஸ் கல்லறைத் தோட்டம். வாசலில் வரைபடம் வாங்கியும் இரண்டு முறை வழி தவறினேன். பெர்னார் 1878 பிப்ரவரி 10-ஆம் தேதி இறந்தார். பிரான்ஸ் ஓர் அறிவியலாளருக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு செய்தது அதுதான் முதல் முறை. கல்லறை அடக்கமாகத்தான் இருக்கிறது. சான் ஜூலியானில் மதிலோரம் எடுத்துவைத்த செம்பு நிறத் திராட்சை இலை நோட்டுக்குள் இருந்தது. அதை வைத்துவிட்டு, ஒரு சிறு கல்லை மேலே வைத்தேன், காற்று கொண்டுபோகாமல்.

பிற்பகலில் ஒன்று நினைவுக்கு வந்து காப்பிக் கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அப்பா தினமும் இரண்டு வேளை விழுங்கும் மெட்ஃபார்மின், கல்லீரல் சர்க்கரையை வெளியே விடுவதைக் குறைக்கும் மருந்து. கலேகா என்ற செடியின் சத்திலிருந்து தொடங்கிய தேடலில் கிடைத்தது. ஜான் ஸ்தேர்ன் என்ற மருத்துவர் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது இந்த ஊரில், முடிவை வெளியிட்டது 1957-இல். கிளைக்கோஜனைப் பிரித்தெடுத்ததற்குச் சரியாக நூறாவது ஆண்டு.

இதைச் சொல்லலாம் என்று கூப்பிட்டேன். அம்மா எடுத்தார். அப்பா நடக்கப் போயிருக்கிறாராம்.

"காலையில் எவ்வளவு?" என்று கேட்டேன்.

"143. நோட்டில் ஏதோ எழுதியிருக்கிறார், இரு." கண்ணாடி தேடும் சத்தம் கேட்டது. "விவரம் என்ற இடத்தில் 'கல்லீரல்' என்று போட்டிருக்கிறார். முந்தின மூன்று நாளுக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறாரே. ஏனம்மா, அவருக்குக் கல்லீரலில் ஏதாவது கோளாறா?"